"அப்பா அம்மா இருக்காங்களா?" – காணிக்கை அனுப்புற ஒவ்வொருத்தரும் கேட்க வேண்டிய கேள்வி

1/
நீளமான இழை. நைட் டூட்டிக்கு நடுவுல ரெண்டு வாரமா எழுதி வெச்சது. திட்டணும்னா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர், துபாய்னு எங்கேயோ இருந்துக்கிட்டு, உங்க சபை மூலமா "ஊர்ல ஒரு பாஸ்டர், அவர் நடத்துற இல்லத்துல இருபது பிள்ளைங்க"ன்னு மாசாமாசம் பணம் அனுப்புறீங்களே, உங்களுக்காகத்தான் இது.

பிறந்தநாளுக்கு இல்லத்துல பிரியாணி போட்டு, பிள்ளைங்களோட நின்னு போட்டோ எடுத்துப் போடுற உள்ளூர்க்காரங்களுக்கும் இதே இழைதான். மதம் எதுவானாலும்.

2/
நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். குழந்தைகள் நல நிபுணர் இல்ல, மனநல நிபுணரும் இல்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குற குழந்தையைத் தூக்கிட்டு யார் ஓடி வந்தாலும் முதல்ல பார்க்கிறது என்னை மாதிரி ஆளுங்கதான்.

அந்த இடத்துல நின்னு பார்த்ததைச் சொல்றேன். ஊர், வயசு எல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்கேன். அந்தக் குழந்தையோட அடையாளம் வெளிய வரக்கூடாது.

3/
நாலு வயசுப் பையன். நிமோனியா. ஒரு குழந்தைகள் இல்லத்துல இருந்து பாஸ்டரே டிவிஎஸ் ஃபிஃப்டியில கூட்டிட்டு வந்தார். அட்மிஷன் போட்டோம். ஆக்சிஜன், ஊசி மருந்து. ரெண்டாவது நாளே தேறிட்டான்.

தேறினதும் வார்டுக்கே செல்லப்பிள்ளை ஆயிட்டான். ரவுண்ட்ஸ் போனா என்னைப் பார்த்து ரெண்டு கையையும் தூக்குவான். தூக்கினா கழுத்தைக் கட்டிக்குவான். என்கிட்ட மட்டும் இல்ல. கூட்டுற அக்கா, டீ கொண்டு வர்ற தம்பி, பக்கத்துப் படுக்கைக்காரங்களைப் பார்க்க வந்த யாரோ ஒரு தாத்தான்னு எல்லார்கிட்டயும் அதேதான்.

"பயமே இல்ல சார், எவ்வளவு பாசமான பிள்ளை பாருங்க"ன்னு சிஸ்டர் சொன்னாங்க. நானும் சிரிச்சேன்.

4/
எங்க குழந்தைகள் நல மருத்துவர் மேடம் மட்டும் சிரிக்கல. "நாலு வயசுப் பிள்ளைக்குப் புது ஆளைப் பார்த்தா பயம் வரணும்பா. ஊசி போட்ட ஆளைப் பார்த்தா ஓடி ஒளியணும். இவனுக்கு எல்லாரும் ஒண்ணா இருக்காங்கன்னா, இவனுக்குன்னு ஒருத்தர் இல்லைன்னு அர்த்தம்"னாங்க.

யோசிச்சுப் பாருங்க. உங்க வீட்டுக் குழந்தை எட்டு ஒன்பது மாசத்துலயே வேத்து ஆள் தூக்கினா அழும், அம்மா எங்கன்னு தேடும். நாம அதை "ஆள் தெரிய ஆரம்பிச்சுடுச்சு"ன்னு சந்தோஷமா சொல்வோம். மருத்துவத்துலயும் அது ஆரோக்கியமான வளர்ச்சிதான். எந்த வித்தியாசமும் இல்லாம எல்லார்கிட்டயும் ஒட்டிக்கிறது ஒரு அறிகுறி. காய்ச்சல், இருமல் மாதிரி ஒரு அறிகுறி.

இல்லத்துக்குப் போனதும் பிள்ளைங்க ஓடி வந்து கட்டிப்பிடிச்சாங்க, கண்ணீர் வந்துடுச்சுன்னு எழுதுறீங்களே, நீங்க பார்த்தது அந்த அறிகுறியா இருக்கலாம்.

5/
இதெல்லாம் சும்மா டாக்டருங்க கதைன்னு நினைச்சா, ருமேனியாவுக்குப் போவோம்.

சௌசெஸ்கு ஆட்சி 1989 டிசம்பர்ல விழுந்தப்போ, அந்த நாட்டு அரசு இல்லங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேல குழந்தைங்க இருந்தாங்க. தொட்டில் இருந்தது, பால் இருந்தது. தூக்கிக் கொஞ்ச ஒரே ஆள்னு யாரும் இல்ல.

2000-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூணு பேரும் புக்கரெஸ்ட்ல ஒரு ஆய்வு தொடங்கினாங்க. இல்லங்கள்ல இருந்த 136 குழந்தைகள். குலுக்கல் முறையில பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினாங்க. மீதிப் பேருக்கு வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது.

6/
முடிவு 2007-ல் 'சயின்ஸ்' இதழ்ல வந்தது. நாலரை வயசுல அறிவுத்திறன் அளவு (ஐக்யூ): இல்லத்துப் பிள்ளைங்க சராசரி 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைங்க 81. பெத்தவங்க வீட்டுலயே வளர்ந்த பிள்ளைங்க 109.

ரெண்டு வயசுக்கு முன்னாடி குடும்பத்துக்குப் போனவங்களுக்கு முன்னேற்றம் அதிகம்.

ருமேனிய இல்லமும் நம்ம ஊர் இல்லமும் ஒண்ணு இல்ல, ஒத்துக்கிறேன். நம்ம ஊர்ல நல்லபடியா நடக்கிற இல்லங்கள் இருக்கு. ஆனா சிமெண்ட் தரையை டைல்ஸா மாத்தினா, கட்டிலைப் புதுசா வாங்கினா இந்தப் பிரச்சினை தீராது. ஷிஃப்ட் மாறுற ஆயாம்மா அம்மா ஆக முடியாது. நீங்க அனுப்புற பணம் வாங்கித் தர முடியாத ஒரே மருந்து அதுதான்.

7/
"அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்களை வேற எங்கதான் வைக்கிறது டாக்டர்?"

நியாயமான கேள்வி. அதுலயே ஒரு தப்பு ஒளிஞ்சிருக்கு. இல்லத்துல இருக்கிற பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா இல்லைன்னு யார் சொன்னது?

கம்போடியா: 2005-க்குப் பிறகு ஐந்தே வருஷத்துல அங்க இல்லங்களோட எண்ணிக்கை 75 சதவீதம் கூடிச்சு. போர் நடந்த காலமும் இல்ல, பஞ்சமும் இல்ல. கூடினது சுற்றுலாவும் வெளிநாட்டு நன்கொடையும். அந்த இல்லங்கள்ல இருந்த நாலு பிள்ளைங்கள்ல ஏறக்குறைய மூணு பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருந்தாங்கன்னு யுனிசெஃப் சொன்னது.

8/
ஹைட்டி: 2010 ஜனவரி நிலநடுக்கம். அது நடந்து மூணு வாரம்கூட ஆகல. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலச் சபைகளைச் சேர்ந்தவங்க அதிகம் இருந்த பத்துப் பேர் கொண்ட ஒரு குழு, 33 குழந்தைகளை பஸ்ல ஏத்தி எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டு போறப்போ பிடிபட்டது. கையில சரியான ஆவணம் இல்ல. "அனாதைக் குழந்தைகளைக் காப்பாத்த வந்தோம்"னு சொன்னாங்க.

விசாரிச்சா, 33 பேருக்குமே குறைந்தது அப்பா அம்மால ஒருத்தராவது உயிரோட இருந்தாங்க. "நல்ல பள்ளிக்கூடம், நல்ல சாப்பாடு"ன்னு சொன்னதை நம்பி அவங்களே குழந்தையைக் கொடுத்திருந்தாங்க.

அந்தப் பத்துப் பேரும் கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஜெபம் பண்ணி, காணிக்கை சேர்த்து, சொந்த லீவைப் போட்டு வந்தவங்க. ஒரே ஒரு கேள்வியைத்தான் ஒழுங்கா கேட்கல.

9/
இப்போ நம்ம ஊர். "இதெல்லாம் வெளிநாட்டுல"ன்னு தப்பிக்க முடியாது.

குழந்தைகள் இல்லங்கள் பத்தி உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்னிக்கு ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. நாட்டுல இருக்கிற எல்லா இல்லங்களையும் அந்த வருஷக் கடைசிக்குள்ள பதிவு பண்ணி முடிக்கணும்னு சொன்ன தீர்ப்பு.

அந்த வழக்கோட பெயர் என்ன தெரியுமா? "தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல் எதிர் இந்திய ஒன்றியம்." மாமல்லபுரம் பக்கத்து இல்லங்கள் பத்தி 2007-ல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தியில ஆரம்பிச்ச வழக்கு. நம்ம மாநிலத்தோட பேர் வழக்கின் தலைப்புலயே இருக்கு.

10/
திரும்ப என் வார்டுக்கு வர்றேன்.

கேஸ்ஷீட்ல "தகப்பனார் பெயர்"னு ஒரு இடம் இருக்கும். அதுல அந்த இல்லத்தின் நிர்வாகி பெயர் எழுதியிருந்தது. பழைய ஓபி நோட்டைப் புரட்டினேன். அதே இல்லத்துல இருந்து வந்த இன்னும் மூணு பிள்ளைகளுக்கும் அதே "தகப்பன்".

மூணாவது நாள் சாயங்காலம் ஒரு அம்மா வந்தாங்க. கையில தூக்குவாளி. கால்ல செம்மண். பக்கத்து மாவட்டச் செங்கல் சூளையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. "நீங்க யாரும்மா?"ன்னேன்.

"பெத்தவ சார்."

11/
புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். சூளையில முன்பணம் வாங்கியாச்சு. சீசன் முடியுற வரைக்கும் அங்கயேதான் இருக்கணும். சூளையில பிள்ளையை வெச்சுக்கப் பயம். அதுக்கு முந்தின வருஷம் அங்க ஒரு குழந்தை தண்ணித் தொட்டியில விழுந்து செத்திருக்கு.

"ஒரு வருஷம் பார்த்துப்பாங்க, அப்புறம் கூட்டிக்கலாம்னு சொன்னாங்க சார். போன பொங்கலுக்குப் போனேன். ஃபாரின்ல இருந்து ஆள் வர்றாங்க, இப்போ கூட்டிட்டுப் போகாதன்னுட்டாங்க."

பையன் அவங்களைப் பார்த்தான். எங்களைப் பார்த்த மாதிரியேதான் பார்த்தான். கையைத் தூக்கினான். அந்த அம்மா சந்தோஷத்துல அழுதாங்க. எனக்கும் மேடமுக்கும் அது சந்தோஷமா தெரியல.

12/
பாஸ்டரைக் கேட்டேன். கோபமாத்தான் கேட்டேன். அவர் ராத்திரி பூரா வராண்டாவுல துண்டை விரிச்சுப் படுத்திருந்தவர். எனக்கு அவர் மேல கோபம் ரொம்ப நேரம் நிக்கல.

போனை எடுத்துக் காட்டினார். பையனோட படம், கீழே ஆங்கிலத்துல நாலு வரி. யாருமற்றவன்னு எழுதியிருந்தது.

"நான் எழுதினது இல்ல டாக்டர். ஆபீஸ்ல எழுதுவாங்க."

"நீங்க ஏன் சொல்லல, அம்மா இருக்காங்கன்னு?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஊழியக்காரனுக்குச் சம்பளம்னு கேட்டா அங்க யாரும் அனுப்ப மாட்டாங்க டாக்டர். பிள்ளைங்க பேர்லதான் வரும். அதுல இருந்துதான் எனக்கும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க படிக்குது."

13/
இந்த ஒரு பதில்ல மொத்த நோயும் இருக்கு.

பணம் தலைக்கு இவ்வளவுன்னு வருது. தலை குறைஞ்சா பணம் குறையும். அப்போ ஒரு பிள்ளை அம்மாகிட்ட திரும்பிப் போறது அந்த இல்லத்துக்கு நஷ்டம். படுக்கை காலியானா இன்னொரு பிள்ளையைத் தேடணும். பாஸ்டர் நல்லவரா கெட்டவரான்னு பார்க்கவே வேண்டாம், கணக்கு அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

ஒரு ஆஸ்பத்திரிக்கு "நோயாளி எத்தனை நாள் படுக்கையில இருக்காரோ அத்தனை நாளைக்குக் காசு"ன்னு கொடுத்தா, நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போவாரா? தனியார் ஆஸ்பத்திரி பில் பத்தி நீங்க எவ்வளவு சந்தேகப்படுறீங்க! அதே சந்தேகம் இங்க ஏன் வரல?

தேவை இருந்ததால இல்லம் வந்ததுன்னு நினைக்கிறோம். பல இடத்துல, இல்லத்துக்குப் பணம் வந்ததால "அனாதைகள்" வந்தாங்க.

14/
இன்னொரு கதை சொல்லணும். டாக்டரா எனக்கு இதுதான் ரொம்பக் கலக்கமா இருந்தது.

உகாண்டாவின் ஜிஞ்ஜா. அமெரிக்காவின் வர்ஜீனியாவில இருந்து மிஷன் பணிக்குப் போன ஒரு இளம்பெண், இருபது வயசு வாக்குல அங்க ஒரு ஊட்டச்சத்து மையம் ஆரம்பிச்சாங்க. மருத்துவப் படிப்பு கிடையாது. சபைகள் பணம் அனுப்பிச்சு. 2010-ல இருந்து அஞ்சு வருஷத்துல நூத்துக்கணக்கான குழந்தைகள் அங்க வந்தாங்க. நூத்துக்கும் மேல இறந்துட்டாங்க. 2019-ல் ரெண்டு தாய்மார் வழக்குப் போட்டாங்க. படிக்காதவங்க தானே வைத்தியம் பார்த்தாங்கன்னு புகார். அவங்க அதை மறுத்தாங்க. 2020-ல், தப்பை ஒத்துக்காமலேயே இழப்பீடு கொடுத்து வழக்கு முடிஞ்சது.

15/
நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டோட வர்ற குழந்தைங்க நல்ல ஆஸ்பத்திரியிலயும் இறப்பாங்க. சாவு எண்ணிக்கையை மட்டும் வெச்சு யாரையும் குற்றவாளின்னு சொல்ல முடியாது.

ஆனா அந்தக் குழந்தைக்கு வைத்தியம் எவ்வளவு நுணுக்கம்னு தெரியுமா? எலும்பும் தோலுமா வர்ற குழந்தைக்குப் பசிக்குதேன்னு வயிறு முட்டக் கொடுத்தா, ரத்தத்துல பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சடார்னு இறங்கி இதயம் நிக்கலாம். அதனால எஃப் 75-னு ஒரு தொடக்கப் பால், கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அப்புறம்தான் எஃப் 100. குளுக்கோஸ் பாட்டிலை அவசரப்பட்டு ஏத்தினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும்.

அன்பு இருந்தா போதும்னு நினைக்கிற இடத்துல, அன்பாலயே ஆள் சாகலாம்.

டெக்சாஸ்லயோ டொராண்டோலயோ டிகிரி இல்லாத ஒருத்தர் உங்க குழந்தைக்கு ஊசி போட விடுவீங்களா? அப்போ உகாண்டா குழந்தைக்கு மட்டும் "சேவை"ங்கிற பேர்ல எப்படிச் சரியாகும்?

16/
"ஓ, மிஷனரிகளைத் திட்ட ஒரு டாக்டர் கிளம்பிட்டான்"னு வர்றவங்களுக்கும், "அப்படிப் போடு, எல்லாம் மதமாற்றம்தான்"னு ஷேர் பண்ண வர்றவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன்: ரெண்டு பேரும் நில்லுங்க.

1847-ல் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்னு ஒரு அமெரிக்க டாக்டர் யாழ்ப்பாணம் வந்தார். அமெரிக்கச் சபைகளோட காணிக்கையில வந்தவர்தான். மானிப்பாய்ல மருத்துவப் பள்ளி வெச்சார். தமிழ்லயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். உடற்கூறு, அறுவை சிகிச்சைன்னு பாடநூல்களைத் தமிழாக்கினார். 60-க்கும் மேற்பட்ட தமிழ் டாக்டர்களை உருவாக்கினார்.

வேலூர்ல ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. அதுவும் கடல் தாண்டி வந்த காணிக்கைதான். இன்னிக்கு நாங்க கடைசியா ரெஃபர் பண்ற இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

17/
அந்தக் காணிக்கைக்கும் இப்போ நீங்க அனுப்புறதுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தப் பணம் இங்க இருக்கிறவங்களை ஆளாக்கிச்சு. வந்தவர் போன பிறகும் வேலை நடந்தது. ஒரு அம்மாகிட்ட இருந்து பிள்ளையைப் பிரிச்சு படம் எடுக்க வேண்டிய அவசியம் அதுக்கு இல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே லண்டன்ல சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென், அமெரிக்கால ரூஃபஸ் ஆண்டர்சன்னு ரெண்டு பேர், உள்ளூர்ச் சபை தன்னைத் தானே தாங்கணும், தானே ஆளணும், தானே பரவணும்னு சொல்லிட்டாங்க. வெளிநாட்டுச் சம்பளத்துல நிக்கிற ஊழியர் உள்ளூர் மக்களுக்குப் பதில் சொல்ல மாட்டார்ங்கிற பயம் அவங்களுக்கு இருந்தது.

நம்ம திருநெல்வேலிச் சபைகள் 1903-லயே, அசரியா போன்றவங்க முன்னின்று, சொந்தக் காசுல ஒரு மிஷனரி சங்கம் ஆரம்பிச்சு, நிஜாம் சமஸ்தானத்து தோர்னக்கல் பக்கம் ஆள் அனுப்பினாங்க. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கிறப்போ ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வைக்கிற பழக்கம் நம்ம சபை வீடுகளுக்குத் தெரியாததா? மிசோரம்ல நூறு வருஷத்துக்கும் மேலா அதே கைப்பிடி அரிசியில சபை ஊழியத்தையே தாங்குறாங்க.

அந்தப் பாஸ்டர் வேலை செஞ்சார்னா, அவருக்குச் சம்பளம்னு சொல்லியே சம்பளம் கொடுங்க. வெட்கப்பட அதுல ஒண்ணும் இல்ல. ஒரு குழந்தையோட முகத்தைக் காட்டி அவர் தன் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய நிலைமையில வைக்காதீங்க. அது அவருக்கும் அவமானம், அந்தக் குழந்தைக்கும் அநியாயம்.

18/
"அப்போ ஸ்பான்சர்ஷிப்பே தப்பா டாக்டர்?"

இல்ல. இங்கதான் பலரும் எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசுறாங்க.

புரூஸ் வைடிக், பால் கிளெவி, லேன் ரட்லெட்ஜ்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு பெரிய கிறிஸ்தவ நிறுவனத்தின் குழந்தை ஸ்பான்சர் திட்டத்தை இந்தியா உட்பட ஆறு நாடுகள்ல, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை வெச்சு ஆராய்ஞ்சாங்க. 2013-ல் வெளிவந்தது. ஸ்பான்சர் கிடைச்ச பிள்ளைங்க சராசரியா ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை கூடுதலாப் பள்ளிப்படிப்பு படிச்சாங்க.

கவனிங்க: அந்தப் பிள்ளைங்க வீட்டுலதான் இருந்தாங்க. அம்மா அப்பாகிட்ட. பணம் பள்ளிக்கூடத்துக்கும், உடம்புக்கும், சாயங்கால வகுப்புக்கும் போச்சு. பிள்ளையை எங்கேயும் தூக்கிட்டுப் போகல.

19/
அதே ஆய்வுல வந்த நிறுவனம் கம்பாஷன் இன்டர்நேஷனல். 2017 மார்ச்ல இந்தியாவை விட்டு வெளியேறிச்சு. வெளிநாட்டுப் பணத்துக்கு முன்அனுமதி வேணும்னு மத்திய அரசு சொன்னதுதான் காரணம். 1.4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வந்துகிட்டிருந்த உதவி நின்னுபோச்சு.

யார் சரி, யார் தப்புங்கிற சண்டை வேற. வீட்டுல இருந்த பிள்ளைக்கு உதவி நின்னா கஷ்டம்தான், ஆனா வீடு இருக்கும். இல்லத்துல மட்டுமே இருந்த பிள்ளைக்குப் பணம் நின்னா? அடுத்த நாள் அந்தப் பிள்ளை எங்க தூங்கும்?

கடல் தாண்டி வர்ற பணத்து மேல ஒரு குழந்தையோட கூரையைக் கட்டாதீங்க.

20/
இனி சட்டம். 2015-ம் வருஷத்து சிறார் நீதிச் சட்டம் (ஜேஜே சட்டம்) தெளிவா சொல்லுது: ஒரு குழந்தையை நிறுவனத்துல வைக்கிறது கடைசி வழி. முதல் வழி சொந்தக் குடும்பம்.

பதிவு இல்லாம இல்லம் நடத்தினா ஒரு வருஷம் வரை சிறை, இல்லன்னா குறைந்தது ஒரு லட்சம் அபராதம், இல்ல ரெண்டும். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவோட உத்தரவு இல்லாம எந்த இல்லமும் தானா ஒரு குழந்தையைச் சேர்த்துக்க முடியாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுற குழந்தையோட பேர், படம், அடையாளத்தை ஊடகங்கள்ல வெளியிடக் கூடாதுன்னு 74-வது பிரிவு சொல்லுது.

உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல காந்தம் வெச்சு ஒட்டியிருக்கிற அந்தப் படத்தை இப்போ ஒரு தடவை பாருங்க. உங்க பிள்ளையோட படத்தை, "இவன் அப்பன் குடிகாரன்"னு எழுதி, முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு அனுப்ப விடுவீங்களா?

21/
வழக்கமா வர்ற மறுப்புகள்:

"அந்த அம்மாவே தானே கொண்டு வந்து விட்டாங்க?" ஆமா. வேற கதவு எதுவும் திறக்கல, இந்தக் கதவு திறந்திருந்தது. அது விருப்பம் இல்ல, வழியில்லாமை.

"இங்க மூணு வேளை சாப்பாடு, இங்கிலீஷ் மீடியம். வீட்டுல என்ன இருக்கு?" வீட்டுல அம்மா இருக்காங்க. சாப்பாடும் பள்ளிக்கூடமும் வீட்டுக்கே கொண்டு போக முடியுற பொருட்கள். அம்மாவை இல்லத்துக்குக் கொண்டு போக முடியாது.

"உண்மையாவே யாரும் இல்லாத குழந்தை?" இருக்காங்க. வீட்டுல கொடுமை நடந்த குழந்தைகளும் இருக்காங்க, அவங்களை நான் காஷுவாலிட்டியில பார்த்திருக்கேன். அவங்களுக்கு உறவினர், தத்து, வளர்ப்புக் குடும்பம்னு வரிசையா வழி இருக்கு. எதுவுமே அமையாதப்போ நல்ல இல்லம் வேணும். அப்படிப்பட்ட இல்லத்துல இருக்கிறவங்களுக்கு நான் தலைவணங்குறேன். அங்க இடம் கிடைக்காததுக்கு ஒரு காரணம், அம்மா இருக்கிற பிள்ளைங்களால படுக்கை நிரம்பியிருக்கிறது.

22/
அடுத்த தடவை சபையில மிஷன் தட்டு வர்றப்போ, இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க. எழுத்துல கேளுங்க:

ஒண்ணு: இந்தப் பிள்ளைக்கு அப்பா அம்மா, பாட்டி தாத்தா, சித்தி மாமா யார் இருக்காங்க?

ரெண்டு: குழந்தைகள் நலக் குழு உத்தரவும் இல்லத்தின் பதிவு எண்ணும் இருக்கா?

மூணு: போன வருஷம் எத்தனை பிள்ளைங்க வீட்டுக்குத் திரும்பினாங்க?

நாலு: பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சா நாம அனுப்புற பணம் குறையுமா?

அஞ்சு: பாஸ்டரோட சம்பளம் எந்தக் கணக்குல இருந்து போகுது?

மூணாவது கேள்விக்கு "யாரும் இல்ல"ன்னு பெருமையா பதில் வந்தா, அது இல்லம் இல்ல, கிடங்கு.

23/
"உடனே நிறுத்திடறேன் டாக்டர்"னும் அவசரப்படாதீங்க. இன்னிக்கு ராத்திரி அங்க தூங்குற பிள்ளைக்கு நாளைக்குச் சாப்பாடு வேணும். நிறுத்தாதீங்க, திருப்புங்க. "இந்த வருஷம் முழுக்க நாங்க அனுப்புவோம். ஆனா எத்தனை பிள்ளைங்களைக் குடும்பத்தோட சேர்த்தீங்கன்னு சொல்லுங்க, அப்படிச் சேர்த்த குடும்பத்துக்கு நேரா உதவுங்க"ன்னு எழுதுங்க. ஐநா பொதுச்சபை 2019 டிசம்பர்ல போட்ட தீர்மானமும் இந்தத் திசையிலதான் போகச் சொல்லுது.

இங்க இருக்கிறவங்களுக்கு: கணவனை இழந்த, கைவிடப்பட்ட, நோயில விழுந்த தாய்மாரோட பிள்ளைங்களுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4,000 ரூபாய் உதவி இருக்கு, வீட்டுலயே வெச்சு வளர்க்க. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விண்ணப்பிக்கணும். வருமான வரம்பு, இட ஒதுக்கீட்டு அளவுன்னு இழுக்கும். அலையணும். அந்த அலைச்சலுக்கு ஒரு ஆள் துணை வேணும். பிரியாணிக்குப் பதிலா அந்தத் துணையா போங்க. சந்தேகமா ஒரு இல்லம் தெரிஞ்சா 1098.

24/
அந்தப் பையன் என்ன ஆனான்னு கேட்பீங்க.

மேடம் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதினாங்க. விசாரணை, வீட்டைப் பார்க்க ஆள், கையெழுத்து, மறுபடி கையெழுத்து. நாலு மாசம் ஆச்சு. பாஸ்டரே ரெண்டு தடவை அந்த அம்மாவுக்குத் துணையா ஆபீசுக்கு வந்தார். அதனால அவருக்கு அந்த மாசம் எவ்வளவு குறைஞ்சதுன்னு நான் கேட்கல. அவரும் சொல்லல. அம்மா சூளைக்குப் போகல, ஊர்லயே நூறு நாள் வேலை, கூடவே ஒரு வீட்டு வேலை. முன்பணக் கடன் இன்னும் முடியல. எல்லாம் நல்லா முடிஞ்சதுன்னு சொல்ற அளவுக்கு இது சினிமா இல்ல.

25/
போன மாசம் ஓபிக்கு வந்தாங்க. சளி. ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கிட்டு "வாடா"ன்னு கையை நீட்டினேன்.

அவன் என்னைப் பார்த்தான். வரல. அம்மாவோட முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டான். கிட்டப் போனதும் ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டான்.

"அன்னிக்கு உங்க கழுத்தையே கட்டிக்கிட்டு இருந்தவன் சார், இப்போ யார்கிட்டயும் போக மாட்டேங்கிறான், மன்னிச்சுக்கங்க"ன்னு அந்த அம்மா சங்கடப்பட்டாங்க.

மேடமைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க அன்னிக்குத்தான் சிரிச்சாங்க.

நீங்க அனுப்புற காணிக்கையால ஒரு குழந்தை உங்களைப் பார்த்து ஓடி வரணும்னு ஆசைப்படாதீங்க. உங்களைப் பார்த்து அம்மா பின்னாடி ஒளியணும்னு ஆசைப்படுங்க.

உங்க சபை வாட்ஸ்அப் குரூப்ல இதைப் போடுங்க. சண்டை வந்தா வரட்டும், கேள்வி போகட்டும்.